சென்சார் மேல பழி போடுறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பேட்டரி பத்தி எழுதினதுக்கு வந்த கேள்விய விட செக் இன்ஜின் லைட் பத்தி வந்ததுதான் அதிகம். அதுலயும் பாதிக்கு மேல ஆக்ஸிஜன் சென்சார்ல போய் நிக்குது. அதனால இந்த தடவ மத்ததெல்லாம் ஓரமா வெச்சுட்டு இது ஒண்ண மட்டும் பாத்துடலாம்.

கேள்வி: அண்ணே, என்னோடது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மஞ்சள் இன்ஜின் லைட் எரியுது, 16 குடுத்துட்டு இருந்த மைலேஜ் 12க்கு வந்துருச்சு, வண்டி நல்லா சூடான அப்புறமும் பின்னாடி பெட்ரோல் வாசன அடிக்குது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுட்டு ஆக்ஸிஜன் சென்சார் போச்சு, ரெண்டையும் மாத்தணும்ங்கறார். ரெண்டு எதுக்கு? ஏமாத்துறாரா? (பல்லடம் வாசகர்)

பதில்: ஏமாத்துறார்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டையும் சேத்து ஏன் மாத்தணும்னு ஒரு வார்த்த கேளுங்க, பதில் எப்படி வருதுனு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். ரெண்டு இருக்கறது நெஜம்தான். ஒண்ணு எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துல, புகைய சுத்தம் பண்ணுற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி. இன்னொண்ணு கன்வெர்ட்டருக்குப் பின்னாடி, வண்டிக்கு அடியில. ஸ்பார்க் ப்ளக்குக்கு வால் மொளச்ச மாதிரி இருக்கும், பாத்தா தெரிஞ்சிடும்.

வேல செய்யுறது முன்னாடி இருக்கறதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமாரா 14.7 கிலோ காத்து வேணும், அந்த கணக்கு சரியா வருதானு புகையில மிஞ்சி இருக்குற ஆக்ஸிஜன வெச்சு அது ஈசியுக்கு, அதாவது இன்ஜினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு, சொல்லிட்டே இருக்கும். ஆக்ஸிஜன் நெறைய மிஞ்சினா பெட்ரோல் பத்தலனு அர்த்தம், அதாவது லீன், அப்ப 0.1 வோல்ட் பக்கம் காட்டும். ஆக்ஸிஜன் இல்லாட்டி பெட்ரோல் ஜாஸ்தி, ரிச், 0.9 வோல்ட் பக்கம். ஈசியு அதப் பாத்து பெட்ரோல கொஞ்சம் கூட்டும், உடனே அது ரிச்சுனு சொல்லும், குறைக்கும், லீன்னு சொல்லும், இப்படியே ஓடிட்டு இருக்கறதால நல்ல சென்சாரோட வோல்டேஜ் ஒரு எடத்துல நிக்கவே நிக்காது. பின்னாடி சென்சாருக்கு முக்கியமான வேல கன்வெர்ட்டர் ஒழுங்கா இருக்கானு கண்காணிக்கிறது. அது செத்தா லைட் எரியும், ஆனா நாலு கிலோமீட்டர் மைலேஜ் அதனால விழாது. அதனால உங்க கேஸ்ல ரெண்டாவத மாத்த இப்போதைக்கு காரணம் தெரியல.

முதல்ல ஸ்கேனர் காட்டின எரர் கோட் என்னனு எழுதி வாங்குங்க. "ஆக்ஸிஜன் சென்சார் கோட்"னு ஒண்ணு கெடையாது, ஒவ்வொண்ணும் வேற சங்கதி. பி0133னா முன் சென்சார் மந்தமா பதில் சொல்லுது, பி0134னா பதிலே சொல்லல, பி0135னா அதோட ஹீட்டர் சர்க்யூட், பி0141னா பின் சென்சாரோட ஹீட்டர். பி0172 வந்திருந்தா அது சென்சார் மேல புகார் இல்ல, இன்ஜின் ரிச்சா ஓடுதுனு சென்சாரே குடுத்த புகார்.

கோட் தெரிஞ்சதும் லைவ் டேட்டா, அதாவது வண்டி ஓடும்போது சென்சாருங்க சொல்ற நம்பருங்கள, பாருங்க. ஈஎல்எம் 327னு ஒரு குட்டி ப்ளூடூத் அடாப்டர் ஆன்லைன்ல கெடைக்குது, பெரிய விலை இல்ல, ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்ல சொருகி போன் ஆப்ல பாக்கலாம். இன்ஜின் நல்லா சூடாகட்டும், 2500 ஆர்பிஎம்ல பிடிச்சுட்டு முன் சென்சார் கிராஃப பாருங்க, 0.1க்கும் 0.9க்கும் நடுவுல சுறுசுறுப்பா ஏறி எறங்கணும். 0.45லயே கோடு போட்ட மாதிரி நிக்குதுனா பெரும்பாலும் சென்சார்கிட்ட இருந்து எதுவும் வரல, ஒண்ணு செத்துருச்சு இல்ல வயர் கட். 0.9லயே நிக்குதுனா 3000 வரைக்கும் ஏத்திட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து பட்டுனு கால எடுங்க, அந்த நேரம் ஈசியு பெட்ரோல நிறுத்திடும், வெறும் காத்துதான் போகும், நல்ல சென்சார்னா 0.1 பக்கம் விழுந்தே ஆகணும். விழுந்துச்சுனா சென்சார் உசுரோட இருக்கு, வண்டி நெஜமாவே ரிச்சா ஓடுது, அப்ப இன்ஜெக்டர் ஒழுகுதா, ஃபியூயல் பிரஷர் ஜாஸ்தியானு பாக்கணும். அப்படியே கூலன்ட் டெம்பரேச்சரையும் ஒரு பார்வ பாத்துடுங்க. சூடான இன்ஜின்ல 80, 90 டிகிரி காட்டணும். அந்த சென்சார் கெட்டு 20, 30 டிகிரினு சொல்லிட்டு இருந்தா ஈசியு இன்னும் காலைல ஸ்டார்ட் பண்ண வண்டினே நெனச்சு பெட்ரோல ஊத்திட்டு இருக்கும், நீங்க சொல்ற மூணு அறிகுறியும் அப்படியே வரும், ஆக்ஸிஜன் சென்சார மாத்தினாலும் போகாது.

ஒரு விஷயம், புது வண்டிங்க பலதுல முன்னாடி வைட்பேண்ட் டைப் சென்சார் வருது, அது இப்படி ஏறி எறங்காது, லாம்டானு 1 பக்கத்துல ஒரு நம்பர் காட்டும், 1னா காத்தும் பெட்ரோலும் கணக்கா இருக்குனு அர்த்தம். அத பாத்துட்டு "அசையவே இல்ல, செத்துருச்சு"னு முடிவு பண்ணிடாதீங்க.

எதுவா இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. ரிச்சா ஓடுற வண்டியில எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அத உருக்கிடும். உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கு, அதோட விலையக் கேட்டா சென்சார் விலை சில்லறையா தெரியும்.

கேள்வி: பி0171 கோட் வந்துச்சு. ஒர்க்‌ஷாப்ல முன் சென்சார் புதுசு போட்டாங்க, எரர அழிச்சாங்க, பத்து நாள்ல திரும்ப அதே லைட் அதே கோட். டூப்ளிகேட் சென்சார் போட்டுட்டாங்களா சார்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: டூப்ளிகேட்டாவும் இருக்கலாம், சந்தையில நெறையவே இருக்கு. ஆனா நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். பி0171னா "இன்ஜின் லீனா ஓடுது"ங்கறது மட்டும்தான், அத ஈசியுக்கு சொன்னதே அந்த சென்சார்தான். உண்மைய சொன்னவன கழட்டிப் போட்டுட்டு புதுசா ஒருத்தன கொண்டாந்து வெச்சா அவனும் அதத்தான் சொல்லுவான். எனக்கு வர்ற கேள்விங்கள்ல காசு அதிகமா வீணாப் போற எடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஃபியூயல் ட்ரிம்னு லைவ் டேட்டால ரெண்டு நம்பர் இருக்கும், ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம். கம்பெனி வெச்ச கணக்குல இருந்து எத்தன சதவீதம் பெட்ரோல் கூட்டிக் குடுக்குது இல்ல குறைச்சுக் குடுக்குதுங்கறதுதான் அது. ரெண்டையும் கூட்டினா பிளஸ் மைனஸ் 10க்குள்ள இருந்தா கவலையில்ல. உங்க வண்டியில பிளஸ்ல 20க்கு மேல இருக்கும்னு நெனைக்கிறேன். இப்ப அத ஐட்லிங்ல ஒரு தடவ, 2500 ஆர்பிஎம்ல ஒரு தடவ பாருங்க.

ஐட்லிங்ல ஜாஸ்தி, ஏத்தினா நார்மலுக்கு வருதுனா எங்கயோ வேக்குவம் லீக்கு, அதாவது கணக்குல வராத காத்து இன்ஜினுக்குள்ள போகுது. திராட்டில் பாடிக்கு அப்புறம் இருக்குற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கும், பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ், பிசிவி வால்வ் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், இதுல ஒண்ணு. நம்ம வெயிலுக்கு இன்ஜின் மேல இருக்குற ரப்பர் சீக்கிரமே காஞ்சு வெடிக்குது, மேல பாத்தா நல்லாதான் இருக்கும், வளைச்சுப் பாத்தா கீழ்ப் பக்கம் வாயப் பொளந்துட்டு நிக்கும். வண்டி ஐட்லிங்ல ஓடும்போது அந்த எடங்கள்ல கார்பரேட்டர் கிளீனர கொஞ்சமா ஸ்ப்ரே பண்ணா எந்த எடத்துல இன்ஜின் சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்ட. சூடான எக்சாஸ்ட் பக்கம் அத அடிச்சுடாதீங்க, பக்குனு பத்திக்கும்.

ஐட்லிங்ல பரவாயில்ல, ஏத்தினா ட்ரிம் ஏறுதுனா பெட்ரோல் பத்தல. ஃபியூயல் ஃபில்டர் அடைப்பு, பம்ப்பு வீக், இன்ஜெக்டர் அடைப்பு. உள்ள போற காத்த அளக்குற மாஃப் சென்சார் இருக்குற வண்டினா அதுல தூசி படிஞ்சாலும் இப்படி வரும்.

ரெண்டுலயும் சிக்கலனா சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் ஜாயின்ட்ல லீக் இருக்கானு பாருங்க. புகை வெளிய வர்ற ஓட்ட வழியா வெளிக்காத்தும் உள்ள போகும், சென்சார் அதுல இருக்குற ஆக்ஸிஜனப் பாத்துட்டு லீன்னு சொல்லிடும். கோல்ட் ஸ்டார்ட் பண்ணதும் மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக்னு சத்தம், ஜாயின்ட்ட சுத்தி கரி, இதான் அடையாளம். அதே மாதிரி ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிச்சாலும் லீன்னுதான் காட்டும். பெட்ரோல் எரியாம வருதே, ரிச்சுனுதான காட்டணும்னு கேப்பீங்க. அதோட எரியாத ஆக்ஸிஜனும் சேந்தே வருது, சென்சாருக்கு கண்ணுக்குத் தெரியுறது ஆக்ஸிஜன் மட்டும்தான்.

கேள்வி: ஊருக்குப் போயிட்டு வந்து வண்டிய எடுத்தா செக் லைட். பி0135. அடியில பாத்தா எலி சென்சார் வயர கடிச்சு வெச்சிருக்கு. நானே வயர முறுக்கி டேப் சுத்திட்டேன், லைட் அணையல. சால்டர் வெக்கணுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சால்டர் வெக்காதீங்க. இந்த சென்சார் புகையில இருக்குற ஆக்ஸிஜன வெளிக்காத்துல இருக்குற ஆக்ஸிஜனோட ஒப்பிட்டுதான் வோல்டேஜ் உண்டாக்குது, பல சென்சார்ல அந்த வெளிக்காத்து உள்ள போறதே வயருக்குள்ள இருக்குற இழைகளுக்கு நடுவுல இருக்குற சந்து வழியாதான். சால்டர் உருகி அந்த சந்த அடைச்சுதுனா நல்ல சென்சாரும் தப்பாதான் பேசும். கனெக்டருக்குள்ள கிரீஸ் வெக்கக்கூடாதுங்கறதும் இதனாலதான். வயர நசுக்கி இணைக்குற கிரிம்ப் ஜாயின்ட் போட்டு மேல ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க, வயரு சைலன்சர்ல ஒரசாம கிளிப்புல மாட்டுங்க.

பி0135 ஹீட்டர் கோட். உள்ள இருக்குற சிர்க்கோனியா பீங்கான் 300 டிகிரிக்கு மேல சூடானாதான் வேல செய்யும், சீக்கிரம் சூடாகணும்னு உள்ளயே ஒரு ஹீட்டர் வெச்சிருக்காங்க. நாலு வயர்ல ஒரே கலர்ல ரெண்டு இருக்கும் பாருங்க, அது ஹீட்டர். பாஷ் சென்சார்னா பொதுவா ரெண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்டு. டென்சோவுல ரெண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்டு. கனெக்டர கழட்டி அந்த ரெண்டு ஒரே கலர் வயருக்கும் மீட்டர் வெச்சு ஓம்ஸ் பாருங்க, ஆறின சென்சார்ல சில ஓம்ஸ் காட்டணும். ஒண்ணுமே காட்டலனா ஹீட்டர் எரிஞ்சிருக்கு, சென்சார் மாத்தத்தான் வேணும். ஓம்ஸ் நல்லா இருந்தா இன்ஜின் ஆன்ல வண்டிப் பக்க கனெக்டர்ல 12 வோல்ட் வருதானு பாருங்க, வரலனா ஃபியூஸ். எலி கடிச்சு ரெண்டு வயரும் ஒட்டினதுல ஃபியூஸ் போயிருக்கவே வாய்ப்பு அதிகம், பத்து இருபது ரூபாயில முடியுற வேலையாக்கூட இருக்கலாம்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்ததுல இருந்து எங்க 2012 மாடல் வண்டியில அடிக்கடி செக் லைட் வருது. எத்தனால் சென்சார கெடுத்துடுமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: எத்தனால் சென்சார கெடுக்காதுங்க மா. நடக்குறது வேற. எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கறதால அது எரிய காத்து கம்மியா போதும், சுத்த பெட்ரோலுக்கு 14.7னா ஈ10க்கு சுமாரா 14.1, ஈ20க்கு 13.5 பக்கம். அதே காத்துக்கு பெட்ரோல் கூட ஊத்தணும். முன்ன போட்ட ஈ10ல இருந்து ஈ20க்கு மாறினாலே நாலு சதவீதம் கிட்ட கூட வேணும், அத ஈசியு ஃபியூயல் ட்ரிம்ல தானா கூட்டிக்கும், நல்லா இருக்குற வண்டிக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆனா பழைய வண்டியில ஏற்கனவே சின்னதா ஒரு ஹோஸ் லீக்கு, இன்ஜெக்டர்ல கொஞ்சம் அழுக்குனு ட்ரிம் ஏறியே இருந்திருக்கும், லைட் எரியுற அளவுக்கு வராம ஓரமா நின்னுட்டு இருந்திருக்கும், இந்த நாலு சதவீதம் சேந்ததும் எல்லையத் தாண்டிடுச்சு. மேல திண்டுக்கல்காரருக்கு சொன்னதையே உங்க மெக்கானிக்கிட்ட காட்டுங்க. ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் ஈ20க்கு தாங்குமாங்கறது தனிக் கேள்வி, அத வண்டிக் கம்பெனி மேனுவல்ல பாத்துக்கோங்க.

கேள்வி: சென்சார கழட்டி பெட்ரோல்ல ஊற வெச்சு வயர் பிரஷ் போட்டு தேச்சா சரியாகிடும்னு வீடியோல காட்டுறாங்களே? (ஓசூர் வாசகர்)

பதில்: மேல இருக்குற கரி போகும், சென்சார் திரும்ப வராது. முனையில இருக்குற பீங்கான் மேல மெலிசா பிளாட்டினம் பூச்சு இருக்கு, அது வீணாப் போச்சுனா எந்த ஊறலும் காப்பாத்தாது. கழட்டினா தேய்க்கறத விட்டுட்டு நெறத்தப் பாருங்க, அதுதான் பிரயோஜனம். கறுப்பா கரி பொடி மாதிரி இருந்தா வண்டி ரிச்சா ஓடியிருக்கு. பளபளனு எண்ணெய்க் கரி இருந்தா இன்ஜின் ஆயில் குடிக்குது. வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி இருந்தா கூலன்ட் உள்ள போகுது, அதாவது ஹெட் கேஸ்கட் வேல, இல்லாட்டி யாரோ இன்ஜின் வேல பாக்கும்போது கண்ட சிலிக்கான் பேஸ்ட்ட அப்பியிருக்காங்க. அந்த சிலிக்கான் ஆவி புகையோட வந்து சென்சார கொன்னுடும், அதுக்குனு "சென்சார் சேஃப்"னு போட்ட பேஸ்ட் தனியா இருக்கு. காரணத்த சரி பண்ணாம புதுசு மாட்டினா அதுவும் அதே கதிதான்.

கழட்டறதுக்கு 22 எம்எம் ஸ்பேனர், இல்ல வயர் வெளிய வர்றதுக்கு பக்கவாட்டுல பிளவு விட்ட சென்சார் சாக்கெட். இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கும்போது கழட்டினா சுலபம், ஒரேயடியா ஆறிப் போனா திருகே கூட வந்துடும். புதுச மாட்டும்போது திருகுல மட்டும் ஆன்டி சீஸ் (திருகு இறுகிப் பிடிச்சுக்காம இருக்க தடவுற பேஸ்ட்) தடவணும், நெறைய சென்சார்ல கம்பெனியிலயே தடவித்தான் வருது, முனையில பட்டுடக் கூடாது. கீழ போட்டுட்டீங்கனா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள பீங்கான் விரிசல் விட்டிருக்கும்.

கேள்வி: மழைத் தண்ணி தேங்கின ரோட்டுல வண்டி ஓட்டிட்டு வந்த மறுநாள் சென்சார் கோட் வந்துச்சு, சம்பந்தம் இருக்கா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: இருக்கு. நல்லா சூடா இருக்குற பீங்கான் மேல பச்சத் தண்ணி பட்டா விரிசல்தான், வண்டிக்கு அடியில இருக்குற பின் சென்சாருக்கு இது ஜாஸ்தி. ஆனா முதல்ல கனெக்டர கழட்டி உள்ள தண்ணி, பச்சைக் களிம்பு இருக்கானு பாருங்க, காய வெச்சு மாட்டி ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கேள்வி: என் பழைய கார்பரேட்டர் வண்டியில இந்த தொல்லையே இல்ல. யார் தலையில உதிச்சது இந்த சென்சார்? (காரைக்குடி வாசகர்)

பதில்: பாஷ் கம்பெனி. 1976ல அமெரிக்காவுல கலிபோர்னியா புகைச் சட்டத்துக்காக வால்வோ வண்டியில முதல்ல வந்துச்சு. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஈயம் கலந்த பெட்ரோல் சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சேத்து சாகடிச்சிடும். 1995ல சென்னை உட்பட நாலு பெருநகரத்துல புது பெட்ரோல் காருக்கு கன்வெர்ட்டர் கட்டாயம் ஆச்சு, 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயம் போயிருச்சு. கார்பரேட்டர் வண்டியும் ரிச்சா ஓடுச்சு சார், சொல்றதுக்குத்தான் லைட் இல்ல.

கேள்வி: பி0420 வருது. பிரெண்ட் ஒருத்தன் பின் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டு தூக்கி வெச்சா லைட் வராதுங்கறான், போடலாமா? (ஆவடி வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. பி0420னா கன்வெர்ட்டர் சரியா வேல செய்யல போலனு சந்தேகம். நல்ல கன்வெர்ட்டர்னா பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்ல அமைதியா நிக்கும். அதுவும் முன் சென்சார் மாதிரியே மேலயும் கீழயும் குதிச்சா கன்வெர்ட்டர் முடிஞ்சது, பின் சென்சார மாத்தி பிரயோஜனம் இல்ல. எக்சாஸ்ட் லீக் இருந்தாலும் இதே கோட் வரும், அத முதல்ல பாத்துடுங்க. ஸ்பேசர் லைட்ட மட்டும்தான் ஏமாத்தும். உங்க புகை சர்டிபிகேட்ட எடுத்துப் பாருங்க, பிஎஸ்4, பிஎஸ்6 வண்டினா ஹை ஐட்லிங்ல கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ள, லாம்டா 0.97ல இருந்து 1.03க்குள்ள இருக்கணும்னு இருக்கும். டெஸ்ட் ஒழுங்கா எடுக்குற சென்டர்ல புகைதான் பேசும், ஸ்பேசர் அங்க உதவாது.

கேள்வி: காயலான் கடையில பாதி விலைக்கும் கம்மியா சென்சார் கெடைக்குது, வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கதவு, கண்ணாடி, ஆல்டர்னேட்டர் வாங்குங்க, இத வாங்காதீங்க. எத்தன கிலோமீட்டர் ஓடுச்சு, எந்த பேஸ்ட் குடிச்சுச்சு, லாரியில இருந்து எறக்கும்போது எத்தன தடவ கீழ விழுந்துச்சுனு எதுவுமே பாத்தா தெரியாது. பாஷ், டென்சோ, என்டிகே மாதிரி கம்பெனிங்க உங்க வண்டிக்குனே கனெக்டரோட குடுக்குறாங்க, பார்ட் நம்பர ஒப்பிட்டு பில்லோட வாங்குங்க. "யுனிவர்சல்"னு வயர வெட்டி ஒட்டச் சொல்றது விலை கம்மிதான், ஆனா ஒட்டு சரியில்லனா கும்பகோணத்துக்காரர் கதைதான். மாட்டின அப்புறம் எரர அழிச்சுட்டு ஹைவேலயும் டவுன்லயும் கலந்து நாலஞ்சு நாள் ஓட்டுங்க, அதுக்குள்ள ட்ரிம் தானா எறங்கி வரணும். எறங்கலனா பில்ல பத்திரமா வெச்சுட்டு ஹோஸ தேட ஆரம்பிங்க.